கத்தியின்றித் தீருமா கழுத்துப் புற்று?

கடலூரானால் என்ன, சிதம்பரமானால் என்ன? “தைராய்டில் கட்டி; புற்றுநோய்” என்று டாக்டர் சொன்னதும் வீடே கலங்கிவிடுகிறது. “நாளைக்கே ஆபரேஷன் செய்துவிடுங்கள்” என்கிறார்கள் உறவினர்கள்.

அவ்வளவு அவசரம் எப்போதும் தேவைதானா?

தைராய்டு என்பது முன்கழுத்தில் வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சுரப்பி. அதில் வரும் புற்றுகளில் மிகுதியானது ‘பாப்பில்லரி’ வகை. பெரும்பாலும் மெதுவாக வளர்வது. கட்டி 1 சென்டிமீட்டருக்கு, அதாவது ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு, மேற்படாமலும் வேறெங்கும் பரவாமலும் இருந்தால், கத்தி ஒன்றே வழி அல்ல.

காத்திருந்து பார்த்தார்கள்

ஜப்பானில் கோபே நகரத்துக் குமா மருத்துவமனையில், 1993 முதல் இத்தகைய கட்டிகளை அறுக்காமல், ஸ்கேன் மூலம் கண்காணித்து வந்தார்கள். 1,235 பேரைப் பற்றிய முடிவு 2014-இல் வெளிவந்தது. பத்தாண்டுகளில் கட்டி 3 மில்லிமீட்டர் வளர்ந்தது நூற்றுக்கு 8 பேருக்குத்தான். நெறிக்கட்டிகளுக்குப் பரவியது நூற்றுக்கு 4 பேருக்கும் குறைவு. இந்தப் புற்றால் இறந்தவர் ஒருவருமில்லை!

சுடும் ஊசி

இன்னொரு வழியும் உண்டு. கழுத்தை மரத்துப்போகச் செய்து, ஸ்கேனில் பார்த்தபடியே மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்துவார்கள். ரேடியோ அலை மின்சாரத்தால் ஊசி முனையில் சூடு பிறக்கும். கட்டி வெந்து, நாளடைவில் சுருங்கும். பெரிய தழும்பு இல்லை, சுரப்பியும் தப்புகிறது. ஆனால் பிறகும் கண்காணிப்பு அவசியம்.

ஆபரேஷனில் குரல் நரம்பு பாதிக்கப்படலாம். உடம்பில் கால்சியம் குறையலாம். முழுச் சுரப்பியையும் எடுத்துவிட்டால் ஆயுள் முழுவதும் மாத்திரைதான்.

யாருக்கு ஆகாது?

மூச்சுக்குழலையோ குரல் நரம்பையோ ஒட்டிய கட்டிக்கும், பரவிவிட்ட புற்றுக்கும் ஆபரேஷனே சரி, தள்ளிப்போடக் கூடாது. தவணை தவறாமல் சோதனைக்கு வர இயலாதவர்களுக்கும் காத்திருப்பது ஆகாது. அறுவடை, திருவிழா என்று ஆண்டுக்கணக்கில் மறந்துவிட்டால் ஆபத்து!

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில், 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கிய அரசு மருத்துவமனை இருக்கிறது. கடலூருக்குப் பக்கத்திலேயே புதுச்சேரி ஜிப்மர். டாக்டரிடம் கூசாமல் கேளுங்கள்: கட்டி எத்தனை மில்லிமீட்டர்? என்ன வகை? எதை ஒட்டியிருக்கிறது? பரவியிருக்கிறதா? காத்திருக்கலாமா? ஊசி சிகிச்சை எங்கே கிடைக்கும்?

விடை தெரிந்த பிறகு ஆபரேஷன்தான் என்றாலும் துணிந்து செய்துகொள்ளலாம். பயத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.