பழி சுமந்த பச்சைப்பாம்பு

‘கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்தான்’ என்று எழுதுகிறோம். விழிப்புக்கு உவமையாக அப்பாம்பைக் கொண்டாடும் நாமே, வேலியிற் கண்டால் அதனை அடித்துக் கொல்கிறோம். வவுனியாவிலிருந்து மன்னார் செல்லும் வீதியிலுள்ள பூவரசங்குளத்தில், தலை நசுங்கிக் கிடந்த பச்சைப்பாம்புகளை நான் பலமுறை கண்டதுண்டு. காரணம் வினவினால், “கண்ணைக் கொத்திப்போடும், ஐயா” என்பதே விடை.

இவ்வச்சம் தமிழருக்கு மாத்திரம் உரியதன்று. சிங்களத்தில் இதன் பெயர் ‘அஹட்டுல்லா’. கண்ணைக் குத்துவது என்பது பொருள். போர்த்துக்கேயப் படைவீரர் ரிபெய்ரோ 1685ஆம் ஆண்டு நூலிலேயே இந்நம்பிக்கையைக் குறித்துள்ளார். சுவீடன் நாட்டறிஞர் லின்னேயஸ் 1758இல் இச்சொல்லை இலத்தீன் பெயராக்கினார். விந்தை யாதெனில், இன்று அப்பெயரைத் தாங்குவது தென்னமெரிக்க மரப்பாம்பொன்று! நம் பச்சைப்பாம்பின் பேரினத்துக்கும் பின்னர் அதே பெயர் வாய்த்தது. பழி கடலையும் கடந்துவிட்டதன்றோ?

உண்மையில், பிறர் கண்ணைப் பறிப்பதாகச் சொல்லப்படும் இப்பாம்பின் சொந்தக் கண்ணே வியத்தற்குரியது. அதன் கண்மணி, திறப்புத் துவாரம்போற் கிடையாக நீண்டிருக்கும். கண்ணிலிருந்து மூக்குநுனிவரை ஓடும் பள்ளத்தின் வழியே இரு கண்களும் முன்னோக்கும். அதனால் இரையின் தூரத்தை அளந்து பாய்கிறது. பகலில் வேட்டையாடி, ஓணான், பல்லி, தவளை முதலியவற்றை உண்ணும். முட்டையிடாது, குட்டி ஈனும்.

நாகத்துக்கும் விரியனுக்கும் நச்சுப்பல் வாயின் முன்புறத்தில் உண்டு. பச்சைப்பாம்புக்கோ அது மேற்றாடையின் பின்புறத்தில் உள்ளது. இரையைக் கவ்வி மென்றாலன்றி நஞ்சு நன்கு இறங்காது. மனிதரைக் கடித்தால் வலியும் வீக்கமும் தோன்றிச் சில நாளில் தணியும்; உயிருக்கு ஊறில்லை. முகத்துயரக் கிளைகளில் அது தங்குவதும், சீண்டினால் வாயை அகலத் திறந்து கூர்மூக்கை நீட்டுவதும் கண்கொத்தும் கதைக்கு வித்தாகியிருக்கலாம் என்பது என் எண்ணம்.

ஆயினும் பச்சை நிறத்தன யாவும் தீங்கற்றவையல்ல. முக்கோணத் தலையுடைய பச்சை விரியனும் இத்தீவில் உண்டு. எனவே பாம்பைக் கையால் தொடலாகாது. எப்பாம்பு தீண்டினும் வைத்தியசாலைக்குச் செல்லுதலே அறிவு.

ஆசிரிய நண்பர்களே, ‘கண்கொத்திப் பாம்பு’ என்னும் தொடரைக் கற்பிக்கும் நாளில், கரும்பலகையில் அந்தக் கண்ணையும் வரைந்து காட்டுங்கள். மறுநாள் ஒரு சிறுவனாவது ஓங்கிய தடியைக் கீழே போடுவான்.