எண்ணெய் வற்றும் விளக்குகள்

விளையாட்டுப் போட்டியிலே வெற்றி கிட்டினால் மாலை வீரர் கழுத்திலே விழுகின்றது. தோல்வி நேர்ந்தாலோ பழி பயிற்சியாளர் தலையிலே விழுகின்றது. இவ்வுலக வழக்கை யாவரும் அறிவோம். ஆயின், அப்பழியைச் சுமப்பவரின் உள்ளம் படும் பாட்டைச் சிந்திப்போர் மிகச் சிலரே.

ஆட்டக்காரன் ஓடுகின்றான், வியர்க்கின்றான், பந்தை உதைக்கின்றான். அவன் மனத்திலே மூளும் பதற்றம் உடலுழைப்பிலே பெரிதும் கரைந்துவிடுகின்றது. பயிற்சியாளருக்கோ அந்த வழியும் இல்லை. பிறர் காலால் ஆடப்படும் ஆட்டத்துக்குத் தாம் பொறுப்பேற்பதே அவர் தொழில். அதனோடு கழக உரிமையாளரின் எதிர்பார்ப்பு, பத்திரிகைகளின் கண்டனம், அணியில் இடம் பெறாதாரின் மனக்குறை, பதவியின் நிலையாமை ஆகிய யாவும் சேர்ந்துகொள்கின்றன.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற உதைபந்தாட்டக் கழகமாகிய லிவர்பூலின் முகாமையாளராக விளங்கியவர் கெனி டல்கிளிஷ். 1989 ஏப்ரல் 15ஆந் திகதி ஷெபீல்ட் நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நேர்ந்த சன நெரிசலினால் அக்கழக ஆதரவாளர் 97 பேர் உயிரிழந்தனர். டல்கிளிஷ் பல மரணச் சடங்குகளுக்குச் சென்றார். துயருற்ற குடும்பங்களைத் தேற்றினார். ஆயின், அவர் துயரத்தைத் தேற்றுவார் யார்? மறு ஆண்டு லிவர்பூல் மீண்டும் லீக் வாகை சூடியது. உலகம் வெற்றியைக் கண்டது. உள்ளே வற்றிக்கொண்டிருந்த எண்ணெயைக் காணவில்லை. 1991 பெப்ரவரியில் எவர்ட்டன் அணியோடு ஆடிய ஆட்டம் 4-4 எனச் சமநிலையில் முடிந்தது. செய்யவேண்டிய மாற்றம் தெரிந்திருந்தும் அவ்வேளையில் முடிவெடுக்க இயலவில்லை எனப் பின்னாளில் அவரே கூறினார். இரண்டு நாட்களின் பின் பதவியைத் துறந்தார். அப்போது அவரது அணி லீக்கின் முதலிடத்தில் இருந்தது என்பது கருதத்தக்கது.

இந்நிலையை 'உள்ளெரிந்து ஓய்தல்' எனலாம். நியூயோர்க்கைச் சேர்ந்த உளவியலறிஞர் ஹேர்பேட் பிரொய்டன்பேகர் 1974இல் இதனை ஆராய்ந்து எழுதினார். உலக சுகாதார தாபனம் 2019இல் இதனை ஒரு நோயாகவன்றி, தொழிலோடு பிணைந்ததொரு நிலையாக வகுத்துரைத்தது. அதன் அடையாளங்கள் மூன்று: தீராத களைப்பு, செய்யும் தொழிலிலே கசப்பு, தம் திறமை குன்றிற்று என்னும் எண்ணம். ஒருநாட் களைப்பு உறக்கத்தால் தீரும். இதுவோ நெடுநாள் நெருக்கடி தணியாது நின்றதன் விளைவு.

ஜேர்மனியின் ஷால்க கழகப் பயிற்சியாளர் றால்ப் றங்னிக், 2011 மே மாதத்தில் அந்நாட்டுக் கிண்ணத்தை வென்றவர். செப்டம்பரிலே சோர்வு மிகுதியால் விலகினார். லிவர்பூலுக்கு 2020இல் லீக் வாகையை ஈட்டித் தந்த யூர்கன் குளொப், தம் சத்தி குறைந்து வருகின்றதென 2024 சனவரியில் வெளிப்படையாகவே அறிவித்து, அப்பருவ முடிவில் விடைபெற்றார். முற்றும் ஓய்ந்து விழுமுன் தம்மை அறிந்து விலகுதல் கோழைமையன்று, விவேகமேயாம்.

இதற்குப் பரிகாரம் யாது? பொறுப்பைத் துணைப் பயிற்சியாளரோடு பகிர்தல், உறக்கத்தைக் காத்தல், ஆட்டப் பேச்சு நுழையாத சில மணி நேரத்தைக் குடும்பத்துக்கு ஒதுக்குதல், மனம் திறந்து பேச ஒருவரைத் தேடிக்கொள்ளுதல் ஆகியன நன்மை தரும். ஆயின், சுமை முழுவதையும் ஒருவர் தோளிலே ஏற்றிவிட்டு, தாங்கும் வகையை மட்டும் அவருக்குப் போதித்தல் நியாயமாகாது. சுமையைக் குறைக்கும் கடமை கழகங்களுக்கும் உண்டு.

ஓய்வு தொழிலுக்குப் பகையன்று. சில மாதம் ஒதுங்கியிருந்த டல்கிளிஷ் பிளக்பேர்ன் அணியைப் பொறுப்பேற்று 1995இல் இங்கிலாந்தின் முதலணியாக்கினார். றங்னிக்கும் மறு ஆண்டே கழகப் பணிக்குத் திரும்பி, பின்னர் ஒஸ்திரிய தேசிய அணியை 2024 ஐரோப்பியக் கிண்ணப் போட்டிக்கு வழிநடத்தினார்.

மாணவர்களே, உங்கள் அணி தோற்று நிற்கும் நாளிலே, மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் உங்கள் ஆசிரியரையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவரும் அன்று உங்களோடு தோற்றவரே.