இரணைமடு நீரும் பிரதேச சபையின் கடமையும்

இரணை என்ற சொல்லுக்கு இரட்டை என்பது பொருள். வன்னி மக்களுக்கு இன்று அச்சொல் வேறொரு இரட்டையையும் நினைவூட்டுகின்றது. ஓராண்டில் வறட்சி, மற்றோராண்டில் வெள்ளம் என இரண்டும் மாறி மாறி நம் வாயிலில் வந்து நிற்கின்றன. காலநிலை மாற்றம் இவற்றை எவ்வாறு கடுமையாக்குகின்றது, அதனை எதிர்கொள்ள உள்ளூராட்சி மன்றங்கள் தம் திட்டங்களில் எவற்றைச் சேர்த்தல் வேண்டும் என்பனவற்றை இன்று ஆராய்வோம்.

முதலில் குளத்தின் இயல்பை அறிதல் வேண்டும். வவுனியாப் பகுதியிலிருந்து வடக்கு நோக்கி ஓடிவரும் கனகராயன் ஆறு இரணைமடுவை நிறைத்து, அப்பால் சுண்டிக்குளம் கடனீரேரியைச் சென்றடைகின்றது. 1902 ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கிய இக்குளம் 1920 அளவில் நிறைவெய்தியது. பின்னர் பலமுறை உயர்த்தப்பட்டது. அண்மைய புனரமைப்பில் அதன் நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாயிற்று. 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் இதனை நம்பியுள்ளன. காலபோகத்திற்கு மழையும் துணைசெய்யும். சிறுபோகமோ குளத்து நீரையே நம்பியது. நீர்மட்டத்தைப் பார்த்த பின்னரே எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டத்தில் முடிவு செய்வர்.

ஆதலால் மார்கழியில் குளம் நிரம்பினால் உழவர் மனமும் நிரம்பும். ஆனால், நிரம்பிய குளத்தின்மேல் பெருமழை கொட்டினால் என் செய்வது? 2018 டிசெம்பர் முற்பகுதியிலே புனரமைத்த குளம் மக்களிடம் கையளிக்கப்பட்டது. அதே மாதம் 21, 22 ஆம் நாட்களில் பெய்த மழையால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் பெருவெள்ளம் மூண்டது. வான் கதவுகளை எப்பொழுது திறந்திருத்தல் வேண்டும் என்ற வினா எழுந்து, விசாரணையும் நடைபெற்றது. நீரைத் தேக்கினால் வெள்ள அச்சம். முன்கூட்டியே திறந்துவிட்டால் சிறுபோகத்திற்கு நீர் போதாதோ என்னும் அச்சம். இதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளில், 2016 இலும் 2017 இலும், நாடு கடும் வறட்சியால் வாடியதை மறந்தவர் யார்?

வெப்பம் மிகுவதால் மழை ஏன் மிகுதல் வேண்டும் என்று சிலர் வினவலாம். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், அது நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு கூடுதலான நீராவியைத் தாங்கவல்லது. அந்நீராவி ஒருங்கே மழையாகும்பொழுது, பல நாள் பெய்ய வேண்டியது ஓரிரவிலே கொட்டித் தீர்க்கின்றது. அதே வெப்பம், மழையில்லாக் காலத்தில் மண்ணையும் குளத்தையும் விரைந்து உலர்த்துகின்றது. வெள்ளமும் வறட்சியும் ஒரே காரணத்தின் இரு விளைவுகளாவது இவ்வாறே.

குளத்தை ஆள்வது நீர்ப்பாசனத் திணைக்களம். ஆனால் வான் பாய்ந்த நீர் முரசுமோட்டை, கண்டாவளை முதலிய தாழ்நிலங்களை அடையும்பொழுது அது எவ்வழி செல்லும், எங்கே தேங்கும் என்பதைத் தீர்மானிப்பன எவை? ஊர் வீதிகளும் மதகுகளும் வடிகால்களும், வீடு கட்ட வழங்கும் அனுமதிகளுமே. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி ஊர் வீதியும் வடிகாலும் சபையின் பொறுப்பில் உள்ளன. 2016 முதல் 2025 வரைக்கெனத் தேசிய இசைவாக்கத் திட்டமொன்று கொழும்பிலே வகுக்கப்பட்டது. அது நன்றே. எனினும் கொழும்பில் எழுதிய ஏடு முரசுமோட்டையில் ஒரு மதகை அகலமாக்கிவிடாது. அதனைச் செய்ய வேண்டியது சபையின் வரவு செலவுத் திட்டமே.

ஆகவே சபைகள் செய்யத்தக்கவை நான்கு. முதலாவது, வட்டாரந்தோறும் 2018 இல் நீர் நின்ற எல்லையை மூத்தோரிடம் கேட்டு வரைபடத்தில் குறித்து, கட்டட அனுமதி வழங்குமுன் அதனைப் பார்ப்பதை விதியாக்குதல். இரண்டாவது, வீதியை உயர்த்தும்பொழுது மதகையும் அகலமாக்குதல். மதகில்லாமல் உயர்த்திய வீதி குளக்கட்டைப் போல நீரை மறித்து, அயல் வீடுகளுக்குள் செலுத்திவிடும். மூன்றாவது, வறட்சிக்கும் இப்பொழுதே ஆயத்தமாதல். சிறு குளங்களைத் தூர்வாரக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்துடன் இணைந்து முயலுதல், பொதுக் கிணறுகளைப் பேணுதல், நிழல் மரங்களை வளர்த்தல் என்பன இதன்பாற்படும். நான்காவது, ஆண்டுதோறும் ஐப்பசி மழைக்கு முன்னர் நீர்ப்பாசன அதிகாரிகளையும் கமக்காரர் அமைப்புகளையும் தாழ்நில மக்களையும் ஒரே மேசையில் அமர்த்துதல். குளத்தில் எவ்வளவு நீரைத் தேக்குவது என்று பேசும்பொழுது, வயலை உடையவரோடு வெள்ளத்தில் வீட்டை இழக்கக்கூடியவரும் அங்கே இருத்தல் நீதியன்றோ?

இவை தீர்மானங்களாகவும் உபவிதிகளாகவும் எழுத்தில் நிலைபெறுதல் வேண்டும். 2023 மார்ச்சில் சபைகளின் பதவிக்காலம் முடிந்தபின், 2025 மே மாதத் தேர்தல் வரை தெரிவுசெய்யப்பட்ட உறுப்பினர் இருக்கவில்லை. உறுப்பினர் இல்லாத காலத்திலும் மழை தன் தவணை தவறாது வந்தது. ஒரு தவிசாளரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பிய ஏற்பாடு அவர் பதவியோடு மறையும். விதியாக எழுதப்பட்டது எஞ்சி நிற்கும்.

நேயர்களே, அடுத்த முறை உங்கள் வட்டார உறுப்பினர் புதிய வீதியொன்றை வாக்களிக்கும்பொழுது, அதில் மதகு எத்தனை, எவ்வளவு அகலம் என்று கேளுங்கள். அவ்வினாவை ஊரார் பலரும் கேட்கத் தொடங்கினால், சபையின் திட்ட ஏடுகளில் காலநிலைக்கு இடம் தானே உண்டாகும்.