உப்பளக் கரையில் விரிசிந்தனை

படைப்பாக்கச் சிந்தனை என்றதும் ஓவியப் போட்டி, மாறுவேடப் போட்டி, ஆண்டு விழா நாடகம் ஆகியவற்றையே பள்ளிகள் நினைக்கின்றன. அறிவியலும் கணக்கும் அந்தச் சிந்தனைக்கு வெளியே இருப்பவை போல, அவ்வகுப்புகளில் ஒரே விடை, ஒரே வழி என்னும் ஒழுங்கு காக்கப்படுகிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தில் 1950ஆம் ஆண்டு தலைமையுரை ஆற்றிய கில்ஃபோர்டு, படைப்பாற்றல் உளவியலாளர்களால் புறக்கணிக்கப்பட்டிருப்பதைச் சுட்டிக்காட்டினார். பின்னாளில் அவர் வகுத்த குவிசிந்தனை, விரிசிந்தனை என்னும் பாகுபாடு கல்வியியலில் நிலைபெற்றது. கிடைத்த தகவல்களைக் கொண்டு சரியான ஒரே விடையை நோக்கி நகர்வது குவிசிந்தனை. ஒரே புள்ளியிலிருந்து தொடங்கிப் பல திசைகளில் விடை தேடிச் செல்வது விரிசிந்தனை. தேர்வுத்தாள் முதலாவதை மட்டுமே அளக்கிறது என்பதால் இரண்டாவது இல்லாமல் போய்விடுவதில்லை. வகுப்பறையில் அதற்கு வேலை இல்லாமல் போகிறது.

விரிசிந்தனையை அளக்க முனைந்தவர்களுள் டாரன்ஸ் முதன்மையானவர். எத்தனை எண்ணங்கள் தோன்றுகின்றன, அவை எத்தனை வகைப்படுகின்றன, எவ்வளவு புதியவை, எவ்வளவு விரிவாக்கப்பட்டவை என்பன அவர் கைக்கொண்ட அளவுகோல்கள். செங்கலின் பயன்களைக் கேட்பது இவ்வகைச் சோதனைகளில் பெயர்பெற்ற கேள்வி. இராமநாதபுரம் மாவட்டத்தில், சாயல்குடியை அடுத்துக் கடலோரத்தில் உள்ள மாரியூரில் செங்கலுக்குப் பதிலாகப் பனையோலைப் பெட்டியை வைத்து இதைக் கேட்கலாம். மீன் வைக்கலாம், கருப்பட்டி வைக்கலாம், நெல் வைக்கலாம் என்று பத்துப் பதில்கள் வந்தாலும் அவையெல்லாம் கொள்கலன் என்ற ஒரே வகைக்குள் அடங்கும். கவிழ்த்துக் கோழிக்குஞ்சை மூடலாம், ஓலையைப் பிரித்து விளையாட்டுக் காற்றாடி செய்யலாம் என்ற இரண்டே பதில்கள் சொல்லும் குழந்தை எண்ணிக்கையில் பின்தங்கினாலும் வகையில் முந்துகிறது. எண்ணிக்கையைப் பாராட்டி வகையைக் கவனிக்கத் தவறும் ஆசிரியர் அந்தக் குழந்தையை இழந்துவிடுகிறார்.

மாரியூரைச் சுட்டுவதற்கு வேறு காரணமும் உண்டு. தமிழ்நாடு அரசு 1974இல் தொடங்கிய தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளங்கள் மாரியூர், வாலிநோக்கம் பகுதியில்தான் பரந்து கிடக்கின்றன. கடல்நீரை வெயிலில் காயவைத்தால் நீர் ஆவியாகி உப்புக் கிடைக்கும் என்று பாடநூல் ஒரே வரியில் சொல்லி முடிக்கிறது. உப்பளத்தில் நடப்பது அதுவன்று. கடல்நீர் நேரே உப்புப் பாத்திக்குள் விடப்படுவதில்லை. முதலில் தேக்கங்களிலும் பிறகு அடர்த்தி ஏற்றும் பாத்திகளிலும் நிறுத்தப்பட்டு, போமே என்னும் அடர்த்தி அளவையில் ஏறத்தாழ 3 பாகையிலிருந்து 25 பாகை வரை ஏற்றப்படுகிறது. வழியிலேயே சுண்ணாம்புச் சேர்மங்களும் ஜிப்சமும் படிந்துவிட, 25 பாகையை ஒட்டித்தான் சமையல் உப்புப் படிகமாகத் தொடங்குகிறது. ஏறத்தாழ 29 பாகையைக் கடந்தபின் எஞ்சும் நீரை முற்றிலும் வற்றவிடாமல் வெளியேற்றிவிடுகிறார்கள். வற்றவிட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசக்கும், காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும்.

இங்கே ஆசிரியர் கேட்கத்தக்க கேள்விகள் வரிசையாக நிற்கின்றன. ஒரே பெரிய பாத்தி போதாதா? கடைசி நீரை ஏன் கொட்ட வேண்டும், அந்த நீரால் வேறு பயன் உண்டா? வடகிழக்குப் பருவமழை முன்கூட்டியே இறங்கிவிட்டால், பாதி விளைந்த உப்பை எப்படிக் காப்பது? முதல் கேள்விக்கு வேதியியலில் உறுதியான விடை உண்டு. இரண்டாவதற்குப் பல விடைகள் உண்டு. மூன்றாவதற்கு உப்பளத்தில் வேலை செய்யும் பெற்றோரிடம் கேட்டு வரும் குழந்தையிடம் ஆசிரியருக்கே தெரியாத விடை இருக்கக்கூடும். குவிசிந்தனையும் விரிசிந்தனையும் பகைவர்கள் அல்லர் என்பதை இவ்வரிசையே காட்டுகிறது. ஜிப்சம் எப்போது படிகிறது என்று அறியாத மாணவர் பாத்தி அமைப்பில் மாற்றம் சொல்ல முடியாது.

தமிழ்நாட்டில் இதற்கான முயற்சிகளே இல்லை என்று சொல்வதற்கில்லை. ரிஷிவேலிப் பள்ளியின் அனுபவத்தைத் தழுவி, எம். பி. விஜயகுமார் முன்னெடுத்த செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007ஐ ஒட்டி மாநிலமெங்கும் தொடக்க வகுப்புகளுக்குப் பரவியது. ஏணிப்படி போன்ற அட்டை வரிசை, தரையில் வட்டமாக அமரும் குழுக்கள், குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை என அது வகுப்பறையின் தோற்றத்தையே மாற்றியது. அக்காலத்திலேயே நடுநிலை வகுப்புகளுக்கு வந்த முறைக்குப் படைப்பாற்றல் கல்வி என்றே பெயர். பாடத்தை வாசித்து, மனவரைபடம் வரைந்து, குழுவில் தொகுத்து, எழுதி, வகுப்பின் முன் வழங்குவது அதன் நடைமுறை. ஆயினும் செயல்வழிக் கற்றல் குழந்தைக்கு அளித்தது வேகத்தின் விடுதலை. அட்டையில் இருந்த கேள்வியும் விடையும் முன்பே முடிவானவை. மனவரைபடமும் பாடநூலின் துணைத்தலைப்புகளை வட்டத்துக்குள் எழுதுவதாகச் சுருங்கும்போது, நாற்பது மாணவர்களிடமிருந்து நாற்பது ஒரேமாதிரி வரைபடங்களே வரும். முறை மாறியதைச் சிந்தனை மாறியதாக எடுத்துக்கொள்வது கல்வித்துறைகளின் பழைய பிழை.

இராமநாதபுரம் மாவட்டமே இதற்கு மறுபக்கச் சான்றும் தருகிறது. இராமேசுவரம் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பில் அப்துல் கலாமுக்குப் பறவை பறக்கும் விதத்தைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிய ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர், பிறகு மாணவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று பறவைகளை நேரில் காட்டியதைக் கலாம் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார். மேடைகளில் இந்நிகழ்வைச் சொல்வோர் கடற்கரையையே பெரிதாக்குகிறார்கள். கூர்ந்து நோக்கத்தக்கது அதற்கு முந்தைய கணம்: புரிந்ததா என்று ஆசிரியர் கேட்டபோது, புரியவில்லை என்று அச்சிறுவன் சொன்னான், மற்றவர்களும் சொன்னார்கள், ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. புரியவில்லை என்று சொல்ல இடமில்லாத வகுப்பைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றாலும் அது சுற்றுலாவாகவே முடியும்.

பள்ளிக்கு வெளியிலிருந்து வரும் ஊக்கங்களும் இவ்வகையில்தான் மதிப்பிடப்பட வேண்டும். 1993 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயதினர் தம் ஊர்ச் சிக்கலொன்றை ஆராய்ந்து அறிக்கை தர வேண்டுமென்று கேட்பதால், கண்மாயும் உப்பளமும் சீமைக்கருவேலமும் ஆய்வுப் பொருளாகின்றன. 2022இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை அறிவியல், கணக்குச் சோதனைகளைக் கைக்குக் கொண்டுவருகிறது. கண்காட்சிக்குக் கண்காட்சி தெர்மகோலில் எரிமலை செய்வதைவிட இவை எவ்வளவோ மேல்.

தேர்வே தடை என்று சொல்வது எளிது. 15 வயதினரைச் சோதிக்கும் பிசா தேர்வில் 2022இல் முதன்முறையாகப் படைப்பாக்கச் சிந்தனை அளக்கப்பட்டு, 2024இல் முடிவுகள் வெளியானபோது, தேர்வுக் கெடுபிடிக்குப் பெயர்போன சிங்கப்பூரே முதலிடம் பெற்றது. இந்தியா அச்சுற்றில் பங்கேற்கவில்லை. சிங்கப்பூர் தேர்வை ஒழிக்கவில்லை. 1997இல் சிந்திக்கும் பள்ளிகள் என்ற கொள்கையை அறிவித்து, பாடப் பொருளைக் குறைத்து, 2005ஐ ஒட்டிக் குறைவாகக் கற்பித்து நிறைவாகக் கற்கவைப்போம் என்ற திட்டத்தையும் சேர்த்தது. உப்பளத்துக் கேள்விகளை விவாதிக்க விரும்பும் மாரியூர்ப் பகுதி ஆசிரியருக்கு முதலில் தேவைப்படுவது கூடுதலாக இரண்டு பாடவேளைகள்; போர்ஷன் முடிந்ததா என்று கேட்கும் ஆய்வு அலுவலரிடம் அவற்றுக்கு அவர் கணக்குச் சொல்லியாக வேண்டும். பாடத்திட்டத்திலிருந்து எவற்றை நீக்கி அந்த நேரத்தைப் பெறுவது என்பதை அடுத்த பகுதி ஆராயும்.