அச்சம் நீக்கலும் ஆபத்து நீக்கலும்: படையினருக்கான கதிர்வீச்சுப் பயிற்சி பற்றிய ஒரு நோக்கு

கதிர்வீச்சிலிருந்து படையினரைக் காக்கும் பயிற்சி, தொழினுட்ப வல்லுநர்க்கு மட்டுமே உரிய விடயமாகக் கருதப்படுவது வழக்கம். ஆயின், எவ்வறிவு யாருக்கு, என்ன நோக்கத்துக்காகப் புகட்டப்படுகின்றது என்ற வினா எழுமிடத்து அது சமூக ஆய்வுக்கும் உரியதாகின்றது. ஐக்கிய அமெரிக்கா 1951 முதல் 1957 வரை நெவாடாப் பாலைவனத்தில் அணுகுண்டுப் பரிசோதனைகளோடு இணைத்து நடத்திய 'டெசேட் றொக்' பயிற்சிகள் இதற்குத் தக்க சான்றாகும்.

கதிர்வீச்சுப் பாதுகாப்பின் அடிப்படைகள் மூன்று: கதிர்படும் நேரத்தைக் குறைத்தல், மூலத்திலிருந்து விலகி நிற்றல், இடையே தடுப்பு அமைத்தல். பதுங்குகுழியிற் குனிந்திருக்கக் கற்பித்தமை மூன்றாவதன்பாற்படும். ஆனால், வெடிப்பின் பின்னர் படையினர் வெடிப்பு மையத்தை நோக்கியே நடத்திச் செல்லப்பட்டனர். விலகி நிற்றல் என்னும் விதி அங்கு தலைகீழாயிற்று. திரும்பியோரின் உடையிற் படிந்த தூசு துடைப்பங்களால் தட்டப்பட்டது. கதிரளவைப் பதியும் படச்சுருள் வில்லை பல வேளைகளில் ஓர் அணிக்கு ஒன்றாகவே வழங்கப்பட்டது. அவ்வில்லையும் புறத்தேயிருந்து படும் கதிரையே பதியும். சுவாசத்துடன் உட்சென்ற கதிர்த்தொழிற்பாட்டுத் தூசை அது காட்டாது.

இப்பயிற்சியை இராணுவம் 'இன்டொக்ட்ரினேஷன்', அதாவது கோட்பாடூட்டல், என்று குறிப்பிட்டது. உளவியலாளர் வினாக்கொத்துகள் மூலம் படையினரின் மனப்பாங்கை அளந்தனர். ஒவ்வொருவர் உடலிலும் பட்ட கதிரை அளக்காத அமைப்பு, அவர்தம் அச்சத்தை அளக்க முற்பட்டமை ஊன்றி நோக்கத்தக்கது. பயிற்சியின் இலக்கு ஆபத்தை நீக்குவதிலும் அச்சத்தை நீக்குவதிலேயே தங்கியிருந்தது என்பது எமது கருத்து.

1957 ஓகஸ்ட் 31 இல் 44 கிலோதொன் வலுவுடைய 'ஸ்மோக்கி' குண்டு வெடிக்கப்பட்டது. அதிற் பங்குகொண்ட 3,224 பேரைப் பற்றி 1980 இல் வெளியான ஆய்வு, குருதிப் புற்றுநோயாளர் 9 பேரைக் கண்டது. எதிர்பார்க்கத்தக்க அளவு 3.5 மட்டுமே. மொத்தப் புற்றுநோய்களில் அத்தகைய மிகை பின்னர் காணப்படவில்லை. பதிவான கதிரளவுகளும் குறைவாயிருந்தமையால் காரணம் விவாதத்துக்குள்ளாயிற்று. அளவிடாதவர் அரசினர், நிறுவவேண்டிய சுமையோ நோயுற்றவர்மேல் விழுந்தது. குறிப்பிட்ட சில புற்றுநோய்களுக்கு அச்சுமையை நீக்கும் சட்டம் 1988 இலேயே வந்தது. தாம் கண்டதை வெளியிடலாகாது என்ற கட்டுப்பாடு 1996 வரை நீடித்தது.

இதனை முதலாளித்துவ அரசொன்றின் இயல்பெனக் கூறி நாம் அமைதல் தகாது. சோவியத் ஒன்றியம் 1954 செப்ரெம்பர் 14 இல் தொத்ஸ்கோயேயில் ஏறத்தாழ 45,000 படையினரை ஈடுபடுத்தி, உண்மையான அணுகுண்டொன்றை வெடித்துப் போர்ப்பயிற்சி நடத்தியது. அவர்களும் வாய் திறவாதிருக்கப் பணிக்கப்பட்டனர். உழைப்பாளர் பெயரால் ஆண்ட அரசும், உழவர், தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளிடமிருந்து அவர்தம் உடல்பற்றிய அறிவையே மறைத்தது. இதை ஒப்புக்கொள்ளாத முற்போக்கு விமரிசனம் அரைகுறையானதே.

எனவே, பயிற்சியொன்றைப் பாதுகாப்புப் பயிற்சி என ஏற்பதற்கு முன் நாம் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும். பயிற்சி பெறுவோன் தன் கதிரளவை அறிவானா? அப்பதிவு அவன் கைக்குக் கிட்டுமா? ஐயம் எழுமிடத்து அவன் மறுத்துக் கேட்கவியலுமா? இவற்றுக்கு விடையில்லாதவிடத்துப் புகட்டப்படுவது கீழ்ப்படிவே அன்றிப் பாதுகாப்பு அன்று.