ஃப்ரைபெர்க்: வெள்ளி எழுப்பிய ஊர்

ஜெர்மனியின் சாக்சனி மாநிலத்தில், டிரெஸ்டனுக்கும் கெம்னிட்ஸுக்கும் நடுவே ஃப்ரைபெர்க் நகரம் இருக்கிறது. மத்திய சாக்சனி மாவட்டத்தின் தலைநகரான இங்கே சுமார் 40,000 பேர் வாழ்கிறார்கள். தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள ஃப்ரைபுர்க் வேறு ஊர். பெயர் ஒலியால் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு.

ஊருக்குத் தெற்கே செக் நாட்டு எல்லை வரை எர்ட்ஸ்கெபிர்கே மலைத்தொடர் நீள்கிறது. அந்தப் பெயருக்கே ‘தாது மலை’ என்று பொருள். அதன் வடசரிவில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரத்தில் ஃப்ரைபெர்க் அமைந்துள்ளது. கிழக்கே முல்டே ஆறு ஓடுகிறது. அடியில் இருப்பது நைஸ் என்னும் பழம்பாறை. அதன் வெடிப்புகளில் ஊறி ஏறிய வெந்நீர், வெள்ளியையும் ஈயத்தையும் துத்தநாகத்தையும் படியவிட்டுப் போனது. ஊரின் வரலாறு முழுவதும் அந்த வெடிப்புகளிலிருந்து வெளிவந்ததுதான்.

1168இல் கிறிஸ்டியான்ஸ்டார்ஃப் என்ற சிற்றூரில் வெள்ளித்தாது கிடைத்தது. உப்பு ஏற்றிச் சென்ற வண்டிக்காரர்கள் சக்கரத் தடத்தில் மின்னிய கல்லைப் பார்த்து எடுத்தார்கள் என்பது வழிவழியாக வரும் கதை. மைஸன் பகுதியை ஆண்ட ஓட்டோ, விரும்பியவர் எவரும் தாது தோண்டலாம், ஆட்சிக்கு உரிய பங்கைக் கொடுத்தால் போதும் என்று அறிவித்தார். அந்த உரிமையே ‘கட்டற்ற மலை’ என்று ஊருக்குப் பெயரானது. ஓட்டோவுக்கோ ‘செல்வர்’ என்ற அடைமொழி வந்தது. தேவாலயத்தில் இன்றும் நிற்கும் 1230ஆம் ஆண்டளவிலான பொன்வாயிலும், 1714இல் காட்ஃபிரீட் சில்பர்மான் அமைத்த ஆர்கனும் அந்தச் செல்வம் விட்டுச்சென்றவை.

ஏழாண்டுப் போரில் சாக்சனி நொடிந்துபோனது. சுரங்கங்களை மீட்க அறிந்தவர்கள் தேவை என்று கருதி, 1765இல் இங்கே சுரங்கவியல் கல்லூரி தொடங்கப்பட்டது. இன்றும் இயங்கும் சுரங்கவியல் பல்கலைக்கழகங்களில் உலகிலேயே மூத்தது இதுதான். அலெக்சாண்டர் ஃபான் ஹம்போல்ட் இங்கே படித்தவர். 1863இல் ஃபெர்டினான்ட் ராய்ஷ் உள்ளூர்த் துத்தநாகத் தாதுவை ஆராய்ந்தார். அவருக்கு நிறக்குருடு, அதனால் நிறமாலையைப் பார்க்கும் வேலையைத் தியோடோர் ரிக்டரிடம் விட்டார். ரிக்டர் கண்ட கருநீலக் கோடு காட்டிக்கொடுத்த புதுத் தனிமம்தான் இண்டியம். இன்று கைபேசித் தொடுதிரைகளில் அது இருக்கிறது. 1886இல் கிளெமென்ஸ் விங்க்ளர் இந்த ஊர்த் தாதுவிலேயே ஜெர்மானியம் என்ற தனிமத்தைக் கண்டுபிடித்தார். மெண்டலீவ் 1871லேயே தம் தனிம அட்டவணையில் அதற்கு இடம் ஒதுக்கி, அணு எடை 72 என்று கணித்திருந்தார்; விங்க்ளர் அளந்தபோது 72.3 வந்தது. தனிம அட்டவணை மீது உலகம் நம்பிக்கை வைத்ததில் இந்த ஊர்த் தாதுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆழம் கூடக் கூட, நிலத்தடி நீர் சுரங்கங்களை வதைத்தது. அதை வடிக்க 1844இல் தொடங்கி 1877இல் முடித்த ரோத்ஷோன்பெர்க் வடிகால் சுரங்கம், கிளைகளையும் சேர்த்துச் சுமார் 50 கிலோமீட்டர் நீளம். ஆனால் அதற்குள் ஜெர்மனி தங்க நாணய முறைக்கு மாறியிருந்தது; வெள்ளி விலை சரிந்து, 1913இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. பிறகு ஈயத்துக்கும் துத்தநாகத்துக்குமாகத் திறக்கப்பட்டவையும் 1969இல் நின்றன.

ஒரே தாதுவை நம்பிய ஊர்கள் பல, அது தீர்ந்ததும் பாழடைந்தன. ஃப்ரைபெர்க்கைக் காத்தது அந்தக் கல்லூரிதான். எர்ட்ஸ்கெபிர்கே சுரங்க நிலப்பரப்பு 2019இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமானது. ‘ரைஷே செஹே’ சுரங்கத்தில் மாணவர்கள் இப்போதும் இறங்கிப் பயில்கிறார்கள். ரோத்ஷோன்பெர்க் சுரங்கத்தின் வழியே நீர் இன்றும் வடிந்துகொண்டிருக்கிறது.