உஷார்! பேட்ஜைப் பார்த்துப் பணத்தை எண்ணிடாதீங்க!

பழைய டிரம்ஸ் செட் வாங்கக் கிளம்பிட்டீங்களா? அட்வான்ஸ் இன்னும் கொடுக்கலைதானே? அப்போ ஒரு நிமிஷம் நில்லுங்க கண்ணு.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன் ஒருவன். கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு வாசிக்கிறவன். "பீட்டில்ஸ் டிரம்மர் ரிங்கோ காலத்து லுட்விக் கம்பெனி செட், 1964" என்று கோவையில் ஒருவர் காட்டியிருக்கிறார். முத்துப் பளபளப்பு, பித்தளை பேட்ஜ், அதில் சீரியல் நம்பர். போனில் தேடினான். 1964 என்றே வந்தது. அம்மாவின் வளையலை அடகு வைத்து 85,000 ரூபாய் கொடுத்துவிட்டான்.

வீட்டில் தோலைக் கழற்றியதும்தான் வயிறு கலங்கியது. அந்தக் காலத்து லுட்விக் மர ஷெல்லில் உள்விளிம்பு இரண்டிலும் வலுவுக்கு ஒரு மர வளையம் ஒட்டியிருக்கும். வளையம் இல்லாத ஆறு அடுக்கு ஷெல் 1976 வாக்கில்தான் வந்தது. இதில் வளையமே இல்லை. பசை வாடைகூடப் போகவில்லை. லுட்விக் என்று சொல்ல அதில் இருந்தது பேட்ஜ் ஒன்றுதான்!

பேட்ஜை நம்பாதீங்க! காற்றுத் துளையில் இருக்கும் சின்ன வளையம்தான் அதைப் பிடித்திருக்கிறது. நெம்பி எடுத்து வேறொன்றில் மாட்டிவிடலாம். நகல் பேட்ஜும் விலைக்குக் கிடைக்கிறது. நிஜ பேட்ஜாகவே இருந்தாலும் லுட்விக் நம்பர்கள் சரியாகத் தேதி வரிசையில் போனதில்லை. உள்ளே சிவப்பு மையில் தேதி முத்திரை இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்க. எல்லா ஷெல்லிலும் இருக்காது; இருந்தால் அதன் பேச்சுக்குத்தான் மதிப்பு.

"தோலைக் கழற்றாதீங்க, டியூனிங் போயிடும்" என்கிறாரா? அப்படியே திரும்பி வந்துடுங்க.

ஷெல்லில் போல்ட்டைத் தாங்கும் லக் ஒன்றையாவது கழற்றச் சொல்லுங்க. வெயில் படாமல் மறைந்திருந்த இடம் தனி நிறமாகத் தெரியணும். அறுபது வருஷப் பொருள் எல்லா இடத்திலும் ஒரே நிறமாக இருந்தால் ஆபத்து.

நம்ம ஊரில் இன்னொரு பயம். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் லேத்தில் எதையும் கடைந்து தருவார்கள். ரிப்பேருக்கு அது வரம்தான். ஆனால் பழைய லுட்விக் போல்ட் அங்குலத்துக்கு 24 மரை, தடிமன் 5.5 மி.மீ. அது தொலைந்திருந்தால், அதே அளவில் கடையாமல் எளிதாகக் கிடைக்கும் எம்6 போல்ட்டை யாராவது முறுக்கி ஏற்றியிருப்பார்கள். லக்குக்குள் மரை செத்துப்போகும். அப்புறம் எத்தனை தடவை டியூன் பண்ணினாலும் நிற்காது. ஒவ்வொரு போல்ட்டையும் விரலாலேயே திருகிப் பாருங்க. நெய்யாக இறங்கணும்.

பிரிட்டிஷ் பிரிமியர் செட்டா? இன்னும் ஜாக்கிரதை! 1960களின் பிற்பகுதிக்கு முந்தைய பல டிரம்கள் அமெரிக்க அளவைவிடக் கொஞ்சம் பெரிசு. கடையில் கிடைக்கும் தோல் உட்காராது. செட் அசல், ஆனால் வாசிக்க முடியாது!

சிம்பலையும் விடாதீங்க. ஜில்ஜியனில் லேசரால் பொறித்த நம்பர் இருந்தால் அது 1994-க்கு முந்தையது கிடையாது, யார் சத்தியம் பண்ணினாலும்.

கடைசியாக, தோல் இல்லாத ஷெல்லைக் கிரானைட் மேடையில் கவிழ்த்து, உள்ளே டார்ச்சைப் போட்டு விளக்கை அணைங்க. அடியில் வெளிச்சம் கசிந்தால் விளிம்பு சமமாக இல்லை. கீழே மாவு மாதிரி மரத்தூள் கொட்டினால் உளுத்துப்போயிருக்கிறது. தொடவே தொடாதீங்க!

முதல் நாள் டிரம் கீ, டார்ச், விவரம் தெரிந்த ஒருத்தர், இவ்வளவும் கூட வரட்டும். பணம் மட்டும் வீட்டு பீரோவிலேயே இருக்கட்டும் சாமி.